கொலாஜ்ல கடலையும் நம்ம ஆல்பத்துல இருந்தே எடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை பக்கத்துல வாசகர்கள் பல படத்த வெட்டிச் சேத்து செஞ்சு அனுப்புற போட்டோ கொலாஜ் போடுறீங்கல்ல, நல்லாதான் இருக்கு, ஆனா தனுஷ்கோடின்னு வந்தா எல்லாத்துலயும் பின்னாடி அதே இடிஞ்ச சர்ச்தான், கூகுள்ல இருந்து இறக்கி அதுமேல பாட்டி தாத்தாவ வெட்டி வச்சுடுறாங்க. ஊரையே அழிச்ச 1964 டிசம்பர் புயலுக்கு முன்னாடி அங்க வாழ்ந்தவங்க அந்த சர்ச்ச இடிஞ்சதாவா பாத்தாங்க?

இன்னொண்ணுல வடக்குக் கரையோரம் கிடக்குற வத்தை, அதான் சின்ன நாட்டுப்படகு, அதுக்குப் பின்னாடி ஆள் உயரத்துக்கு எந்த ஊர் அலையோ! வடக்க இருக்குறது அலை அடங்கிக் கிடக்குற பெண்கடல், தெக்க அலை அடிக்குற ஆண்கடல்னு இங்க சின்னப் புள்ளைக்கும் தெரியும், எங்க வீட்ல எல்லாரும் சிரிச்சுட்டாங்க.

பேக்ரவுண்ட வெளிய தேடவே வேணாம்ங்க. கல்யாண ஆல்பத்துல மாப்பிள்ளைக்குப் பின்னாடி தெரியுற ஓலைப்பந்தல், ஸ்டுடியோ சீல் குத்துன போட்டோவோட பின்பக்கம், ஏதோ ஒரு படத்தோட மூலையில நிக்குற பாம்பன் பாலம், இதுகள லேயர் லேயரா வச்சாலே போதும். அந்த 1914 பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் நின்னுபோச்சு, 2025ல திறந்த புதுப் பாலத்துலதான் இப்ப ஓடுது, பழைய பாலத்துல ரயில் போற படம் யார் வீட்லயாச்சும் இருந்தா அது இனிமே எடுக்கவே முடியாத படம்.

மொதல்ல ஸ்கேன் பண்ணி வச்சுடுங்க, உப்புக்காத்து சும்மா விடாது. கண்ணாடியில ஒட்டிப்போன படத்தப் பிச்சா முகம் கண்ணாடியோடயே போயிரும், அப்படியே சேத்து ஸ்கேனர்ல வைங்க. பாஸ்போர்ட் சைஸ்னா ஸ்கேனர்ல நுணுக்கத்துக்கு வைக்குற அளவு 600 டிபிஐயாவது வேணும். அனுப்பும்போது வாட்ஸ்அப்ல டாக்குமெண்டா அனுப்புங்க, இல்லன்னா சுருக்கிடும். வெட்டுறதுக்கு எரேசர் வேணாம், மாஸ்க் போடுங்க, அது படத்த அழிக்காம மறைச்சு மட்டும் வைக்கும், தாத்தாவோட காது போனாலும் திரும்பக் கொண்டாந்துரலாம். ஏஐ வச்சு முகத்தத் தெளிவாக்குறேன்னு மட்டும் கிளம்பிடாதீங்க, அது அதோட இஷ்டத்துக்குக் கண்ணு மூக்கு வரைஞ்சு வேற யாரையோ கொண்டாந்து நிறுத்தும். அதுக்கு மங்கலாவே இருந்துட்டுப் போகட்டும்.

டிசம்பர்ல புயல் நினைவு நாளுக்குப் பக்கம் போட்டா, சொந்த ஆல்பப் படம் மட்டும்தான்னு கண்டிஷன் வைங்க சார், கீழ யாரு, எந்த ஊரு, எந்த வருஷம்னு ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்க. பரிசெல்லாம் வேணாம், படத்தப் பெருசா போடுங்க, இப்ப ஸ்டாம்ப் சைஸ்ல போடுறதுல ஒருத்தர் முகமும் தெரிய மாட்டேங்குது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மண்டபம்