வருமுன் காக்கும் மருத்துவம்: ஞாயிறு மாலைச் சந்திப்பு

வணக்கம். மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் பேசுவோம். பேச்சு, நோய்த்தடுப்பு மருத்துவம், பொதுச் சுகாதாரம் இரண்டிலும் மருத்துவர்கள் பெறும் பயிற்சி பற்றியது.

மருத்துவர் என்றாலே அறுவை சிகிச்சையும் இதய சிகிச்சையும்தான் நம் வீடுகளில் நினைவுக்கு வரும். ஆனால் 2003இல் சார்ஸ் என்ற கடும் சுவாசத் தொற்றுநோய் இங்கே சிங்கப்பூரில் 238 பேரைத் தொற்றி 33 உயிர்களைப் பறித்தது. அப்போது யார் யாரைச் சந்தித்தார் என்று தேடிப் பிடித்து, தொடர்பில் இருந்தவர்களைத் தனிமைப்படுத்தியதால்தான் பரவல் நின்றது. அந்த வேலைக்கும் தனிப் பயிற்சி உண்டு. மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு சேரும் நிபுணத்துவப் பயிற்சி இது. பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பும் அதில் அடங்கும். நோய்ப்பரவலியல், புள்ளியியல், சுகாதாரக் கொள்கை எல்லாம் கற்க வேண்டும். கணக்கு பிடித்தவர்களுக்கு நல்ல துறை!

2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி (Healthier SG) என்ற அரசுத் திட்டமும் இதே வழிதான்: 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நோய் வருமுன்னே ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்வது. நம் சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீடு அரிது. அதனால் தமிழில் பேசி விளக்கும் மருத்துவர்கள் இத்துறைக்கு வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அப்புறம், பெற்றோரும் வரலாம். வருபவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள், நாற்காலி எடுத்துவைக்க வேண்டும்.