மேட்டை விற்ற ஊர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான், வீட்டில் ஒருவருக்கும் உட்கார நேரமில்லை. கோபித்துக்கொள்ளாதே.

போன ஞாயிறு மகன் எங்களை ஹோகெபெயின்டம் என்ற ஊருக்குக் கூட்டிப்போனான். நெதர்லாந்தின் வடக்கே, ஃப்ரீஸ்லாந்தில், கடலுக்குப் பக்கம். நூறு பேர் தேறுவதே கஷ்டம். எங்கு பார்த்தாலும் தட்டையான புல்வெளி, நடுவில் ஒரு மேடு, அதன் உச்சியில் பழைய தேவாலயம். மேட்டின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 8.8 மீட்டர்தான். சிரிக்காதே, இந்த வகை மேடுகளில் நாட்டிலேயே இதுதான் உயரமாம்.

முழுக்க மனிதர்கள் போட்ட மேடு அது. டெர்ப் என்கிறார்கள். 2,500 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடலைத் தடுக்கக் கரை கிடையாது, வெள்ளம் நினைத்தபோது உள்ளே வரும். களிமண், மாட்டுச் சாணம், வீட்டுக் குப்பை எல்லாவற்றையும் கொட்டிக் கொட்டி, அதன்மேல் வீடு கட்டிக்கொண்டார்கள். அங்கே வாழ்ந்த ஃப்ரீசியர்களின் அண்டை இனத்தாரை ரோமானிய எழுத்தாளரான பிளினி பார்த்திருக்கிறார். கடல் ஏறினால் கப்பலில் போகிறவர்கள் மாதிரி, இறங்கினால் கப்பல் உடைந்து ஒதுங்கியவர்கள் மாதிரி இருக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். பாவப்பட்டுத்தான் எழுதினார், ஆனால் அந்தப் பிழைப்பு ஆயிரம் வருஷத்துக்கு மேல் நடந்திருக்கிறது. அப்புறம்தான் கரை போட்டார்கள்.

கரை வந்தபின் மேடு எதற்கு? 19ஆம் நூற்றாண்டில் யாரோ கண்டுகொண்டார்கள், அத்தனையும் மக்கிய எரு என்று. மாகாணம் முழுக்க மேடுகளை வெட்டிப் படகில் ஏற்றி, சத்தில்லாத நிலங்களுக்கு விற்றார்கள். முன்னோர் உயிர் பிழைக்கக் கொட்டிய சாணத்தைப் பேரன்மார் காசாக்கினார்கள். மண்ணோடு சீப்பும் பானையும் எலும்பும் வந்தன. கொஞ்சம் அருங்காட்சியகத்துக்குப் போனது, மீதி வயலுக்குத்தான் போயிருக்கும்.

தேவாலயத்தையும் கல்லறைகளையும் மட்டும் தொடவில்லை. அதனால் ஒரு பக்கம் மேடு சரியாமல், பலாப்பழத்தை வெட்டிய மாதிரி செங்குத்தாக நிற்கிறது. விளிம்பில் நின்று கீழே பார்த்தேன், முழங்கால் நடுங்கியது. பாதி பயம், பாதி வாதம். தேவாலயத்துக்குள்ளே, இறந்துபோன பெரிய குடும்பத்தாரின் சின்னப் பலகைகள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. சாணம் அள்ளிக் கொட்டியவர்களுக்குப் பலகை ஒன்றும் இல்லை.

சரி, தென்னைக்குக் குப்பை அடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாயே, இப்போது லோடு என்ன விலை?

அன்புடன்,
முத்து