வெளுத்த சதுரம்

தூத்துக்குடி
5.10.2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். நீயும் மருமகளும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அலைபேசியில் அழைத்தால், "வேலை இருக்கிறது அம்மா, இரவு கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிடுகிறாய். இரவும் நீ கூப்பிடுவதில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தையும் பாதியில் மடித்து வைக்கலாம்தான், ஆனால் அது வைத்த இடத்திலேயே காத்திருக்கும்.

ஆவணி முகூர்த்தத்துக்கு ஓசூர் வந்த மாமா, பெங்களூரு அருகே சந்தாபுராவில் உன் பேக்கரிக்கும் வந்துபோனதை நீ என்னிடம் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார். நான்கு மாஸ்டர்கள் வேலை செய்கிறார்கள் என்றும், மாலை ஐந்து மணிக்குப் பப்ஸ் தட்டு வெளியே வந்தால் பத்து நிமிடத்தில் காலியாகிறது என்றும், தில் பசந்த் இரண்டு பெட்டி கட்டிக் கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டாய் என்றும் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் நெஞ்சு நிறைந்தது. பிறகு, கல்லாவுக்கு முன்னால் கண்ணாடியில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டையைக் காணோம், ஒட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது, பக்கத்தில் ரொக்கம் மட்டும் என்று கையால் எழுதிய தாள் தொங்கியது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குச் சரியான உறக்கமில்லை.

அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. பொதுவாகச் சில செய்திகளை எழுதுகிறேன். உனக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்.

கர்நாடகத்தில் கடந்த ஜூலையில் நடந்ததைச் செய்தித்தாளில் படித்தேன். 2021-22 முதல் 2024-25 வரை யுபிஐ வழியாக 40 லட்சத்துக்கு மேல் பணம் வந்த சிறு கடைகளுக்கு வணிக வரித்துறை ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியதும், பேக்கரிக்காரர்களும் தேநீர்க் கடைக்காரர்களும் கியூஆர் அட்டையைக் கிழித்ததும், 23ஆம் தேதி முதலமைச்சர் வியாபாரிகளை அழைத்துப் பேசியதும் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். பழைய பாக்கியை வற்புறுத்த மாட்டோம், பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அவர் சொன்னதாகவும் செய்தி வந்தது. வாய்ச்சொல்லை நம்பி நோட்டீஸை அலமாரியில் போட்டுவைப்பது தவறு. அரசு பொறுத்துக்கொண்டாலும் காகிதம் பொறுத்துக்கொள்ளாது. அப்படி ஒரு நோட்டீஸ் யாருக்கு வந்திருந்தாலும் அதற்கு எழுத்தில் பதில் போக வேண்டும். தேதி கடந்துவிட்டிருந்தால், கடந்ததற்கான காரணத்தையும் சேர்த்து எழுதி, பதில் போக வேண்டும்.

பதிலில் என்ன எழுதுவது என்று கேட்பாய். நோட்டீஸில் இருக்கும் தொகை வங்கியில் வந்த பணம்; அது முழுவதும் விற்பனை அல்ல, விற்பனை முழுவதும் வரிக்குரியதும் அல்ல. மருமகளின் தம்பி திருப்பித் தந்த கடனும், சீட்டுப் பணமும், நான் அடுப்புக்காக அனுப்பிய இரண்டு லட்சமும் அதே கணக்கில்தானே விழுந்தன? அவற்றை ஒவ்வொன்றாகக் குறித்து முதலில் கழிக்க வேண்டும். எஞ்சியதில் ரொட்டியைப் பிரிக்க வேண்டும். ரொட்டிக்கு வரி இல்லை. கேக்குக்கும் பப்ஸுக்கும் பிஸ்கட்டுக்கும் அந்த ஆண்டுகளில் 18 சதவீதம்; சென்ற மாதம் 22ஆம் தேதி முதல்தான் 5 ஆகியிருக்கிறது. நேற்று விற்காமல் நின்ற ரொட்டியை அறுத்து மறுபடி அடுப்பில் காய வைத்தால் அது ரஸ்க். உடனே 5 சதவீதம் வந்து ஒட்டிக்கொள்ளும். சென்ற ஆண்டு கோயம்புத்தூர் கூட்டத்தில், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே வைக்கும் கிரீமால் வரி வருகிறது என்று ஓர் உணவக உரிமையாளர் நிதியமைச்சரிடம் சொன்னதை ஊரே சிரித்துக்கொண்டு பார்த்தது. கணக்கு எழுதுகிறவளுக்கு அது சிரிப்பாக இல்லை. ஒரே அடுப்பில் வேகும் நான்கு பொருளுக்கு நான்கு பத்தி போட்டு எழுதாவிட்டால், கேட்கும்போது எல்லாமே கேக்காகத்தான் கணக்கிடப்படும்.

பில் போடாத ஆண்டுகளுக்கு எப்படிப் பிரிப்பது என்றால், வழி இருக்கிறது. மைதா மூட்டை வாங்கிய சீட்டுகள், சர்க்கரையும் மார்ஜரினும் முட்டையும் வாங்கிய கணக்கு, தேநீர்க் கடைகளுக்கு லைன் போடும், அதாவது சரக்கு கொண்டுபோய்க் கொடுக்கும், பையனின் நோட்டு ஆகியவற்றை வைத்து எத்தனை மூட்டை ரொட்டிக்குப் போனது, எத்தனை கேக்குக்குப் போனது என்று திரும்பக் கட்டி எழுப்பலாம். எனவே எதையும் கிழித்துப் போடாதே. எண்ணெய்க் கறை பிடித்த துண்டுச் சீட்டாக இருந்தாலும் கிழிக்காதே.

உன் பங்குக்கு நீ 40 லட்சத்தைத் தொடவில்லை என்று நினைத்திருக்கலாம். ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்; அது ஒரு நாளைக்கு 10,959 ரூபாய், அவ்வளவுதான். வரி இல்லாத ரொட்டியும் அந்த 40 லட்சத்துக்குள் சேர்ந்தே எண்ணப்படும். மேலும், அந்த எல்லை பொருள் மட்டும் விற்பவர்களுக்கு. மாமா அங்கே நின்றபடி டீ குடித்ததாகச் சொன்னார். டீயும் சேர்த்துப் பரிமாறினால் உணவகச் சேவை என்று சொல்ல இடமுண்டு. அப்போது எல்லை 20 லட்சம், அதாவது நாளுக்கு 5,479. இன்னொன்று, போன பொங்கலுக்கு வந்தபோது ஓசூர் லைன் பிடித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னாயே, அப்போது நானும் மகிழ்ந்தேன், ஆனால் இரவு படுத்தபின்தான் உறைத்தது. அத்திப்பள்ளி தாண்டினால் வேறு மாநிலம். வரிக்குரிய சரக்கை ஓர் ஆட்டோ அனுப்பினாலும் எல்லைக் கணக்கு பார்க்காமல் பதிவு கட்டாயம். அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

பதிவு செய்தால் எல்லாம் போய்விடும் என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். ஒன்றரைக் கோடி வரை விற்பவர்களுக்குக் காம்போசிஷன் என்கிற தொகுப்புத் திட்டம் இருக்கிறது. தயாரித்து விற்பவருக்கு விற்பனையில் 1 சதவீதம். அதில் ரொட்டியும் சேரும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. 60 லட்சம் விற்றால் 60,000 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18ஆம் தேதிக்குள் கட்டிவிட்டு, வருடத்துக்கு ஒரு படிவம் கொடுத்தால் போதும். வாடிக்கையாளரிடம் வரி வாங்கக் கூடாது. தொகுப்புத் திட்டத்தில் இருப்பதைப் பலகையில் எழுதி மாட்ட வேண்டும். வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. ஓசூர் லைன் கூடாது. உணவகம் என்று வகைப்படுத்தினால் 1 சதவீதம் 5 ஆகி, அதே 60 லட்சத்துக்கு மூன்று லட்சம் கட்ட வேண்டிவரும். ஆகவே டீ மேடையா, ஓசூரா, ஒரு சதவீதமா என்பதை நீயாக முடிவு செய்யாதே. கேக்குக்கு 5 சதவீதம் என்று ஆனபின், சிலிண்டருக்கும் கடை வாடகைக்கும் கட்டிய 18 சதவீதத்தில் கேக்கின் பங்குக்குரியதைக் கழித்துக்கொள்ளும் வழக்கமான முறையே உனக்கு ஏற்றதாக இருக்கலாம். ரொட்டி எவ்வளவு, கேக் எவ்வளவு என்று தெரியாமல் எந்த ஆடிட்டராலும் அதைச் சொல்ல முடியாது. ஒரு நல்ல ஆடிட்டரைப் பார். டீக்கடையில் சந்தித்தவரை அல்ல, பேக்கரிக் கணக்கு எழுதிப் பழகியவரை. பார்த்தபின் பதில் எழுது. இதை முன்பே எழுதிவிட்டேன், தெரியும்.

கியூஆர் அட்டையை எடுத்துவிட்டால் விற்பனை மறைந்துவிடாது, தம்பி. மைதா மூட்டையை எண்ணினாலே விற்பனையைச் சொல்லிவிடலாம் என்பது உன் அப்பாவின் கடையிலேயே எனக்குத் தெரியும். ரொக்கமாக மாறினால், மறைத்தாய் என்று சொல்ல நீயே ஒரு சான்றைக் கொடுத்தவனாகிறாய். பதிவு செய்யாமல் இருந்ததற்குத் தண்டம் 10,000 ரூபாய் அல்லது கட்ட வேண்டிய வரி, எது அதிகமோ அது. வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். இவ்வளவும் தெரிந்த ஒருத்தியை வீட்டில் வைத்துக்கொண்டு, கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் பேரேடு எழுதிய தாயிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இப்படிச் செய்யலாமா என்று நேற்று இரவு இந்த இடம் வரை எழுதிவிட்டு, மேலே எழுத முடியாமல் பேனாவை மூடிவிட்டேன்.

உன்னை இப்படிக் கேட்க எனக்கு வாயில்லை. நம் கடையில் பச்சை அட்டை நோட்டு ஒன்றும் சிவப்பு அட்டை நோட்டு ஒன்றும் இருந்தன. பச்சை, காட்டுவதற்கு. இரண்டையும் எழுதியவள் நான். உன் அப்பா சொன்னார், நான் எழுதினேன் என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். ஆனால் சங்கத்தில் ஒரு ரூபாய் இடித்தாலும் இரவு முழுவதும் தேடியவளுக்கு, வீட்டில் எழுதுவது என்னவென்று தெரியாமலா போகும்? நீ கூட்டல் பழகியதே அந்தச் சிவப்பு நோட்டில்தான். பெரிய தொகை அதில்தானே இருந்தது.

1998இல், நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, விற்பனை வரிக்காரர்கள் வருகிறார்கள் என்று பக்கத்துக் கடையில் சொல்லி அனுப்பினார்கள். நான் அந்த நோட்டை உன் புத்தகப் பைக்குள், கணக்குப் பாடப் புத்தகத்துக்கும் மதிய உணவுத் தூக்குக்கும் நடுவில் வைத்து, பையைத் திறக்காதே என்று மட்டும் சொல்லி உன்னைப் பள்ளிக்கு அனுப்பினேன். அன்று நீ மதியம் சாப்பிடவில்லை. பையைத் திறந்தால்தானே சாப்பிட முடியும். மாலையில் வந்து நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, எதுவும் கேட்காமல் விளையாடப் போனாய். நீ கேட்காதது எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகும் நீ எதையும் என்னிடம் கேட்பதில்லை. அது உன் சுபாவம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தீபாவளி 20ஆம் தேதி. அதுவரை உனக்குத் தலை நிமிர நேரமிருக்காது. 24ஆம் தேதி மைசூர் எக்ஸ்பிரஸில் எனக்கு ஒரு டிக்கெட் எடுத்திருக்கிறேன். மக்ரூன் இரண்டு கிலோ கொண்டுவருகிறேன், குழந்தைக்குப் பிடிக்கும். நான்கு ஆண்டு வங்கிக் கணக்குத் தாள்களை அச்செடுத்து வை. நீளப் பேரேடு ஒன்று வாங்கி வை. மூட்டைச் சீட்டுகளை ஒரு கேக் பெட்டியில் போட்டு மேலே வருடத்தை எழுதிவை. நான் உன்னிடம் எதுவும் விசாரிக்க மாட்டேன். எண்களை மட்டும் எழுதுவேன். வர வேண்டாம் என்றால் மருமகளிடம் சொல்லி அனுப்பு, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

வண்டி காலையில் வந்து சேரும். நீ நிலையத்துக்கு வர வேண்டாம். அது பன் எடுக்கும் நேரம். எனக்கு வழி தெரியும்.

அன்புடன்,
அம்மா