முழுநேர ஆய்வாளர்கள் எடுக்கும் வகுப்புகளுக்குக் கணக்கு வையுங்கள்

தமிழ்நாட்டின் உயர்கல்வித் துறைக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள், ஆட்சிக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். மொழி, வரலாறு, தத்துவம் என்று கலைப்புலத் துறைகளில் பதிவு செய்திருக்கும் என்னைப் போன்ற பலருக்கு மாத உதவித்தொகை எதுவும் கிடையாது. ஆனாலும் வகுப்பு எடுக்கிறோம். வினாத்தாள் தயாரிக்கிறோம், விடைத்தாள் திருத்துகிறோம், கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறதென்றால் இரவு வரை உட்கார்ந்து கோப்புகளை அடுக்குகிறோம். இந்த வேலைக்கு எழுத்துப்பூர்வமான ஆணையோ ஊதியமோ அனுபவச் சான்றிதழோ எங்களுக்குத் தரப்படுவதில்லை. அவற்றைக் கேட்டுத்தான் இந்த மடல்.

முழுநேர ஆய்வாளர் என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். துறையின் வருகைப் பதிவேட்டில் தினமும் கையெழுத்துப் போட வேண்டும். வேறு எங்கும் வேலையில் இல்லை என்று பதிவின்போதே எழுதிக் கொடுத்திருக்கிறோம். வேலைக்குப் போகக் கூடாது என்கிற விதியை நான் குறை சொல்லவில்லை. ஆய்வுக்கு முழு நேரமும் வேண்டும்தான். ஆனால் அப்படிக் கட்டுப்படுத்துகிற நிறுவனம் அந்த மனிதர் மாதம் முழுக்க எதைக் கொண்டு சாப்பிடுவார் என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டாமா?

ஜே.ஆர்.எஃப். என்ற தேசிய ஆய்வு உதவித்தொகையை வாங்கலாமே என்பீர்கள். வாங்கியவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது, நல்ல தொகை. ஆனால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தகுதி பெறுபவர்களில் ஒரு பகுதியினருக்கே அது வாய்க்கும். பொதுப்பிரிவு ஆண்களுக்கு வயது வரம்பு 30, மற்றவர்களுக்கு ஐந்தாண்டுச் சலுகை. பட்டம் முடித்துச் சில வருடம் தனியார் பள்ளியில் வேலை பார்த்து, தங்கையின் கல்யாணக் கடனை அடைத்துவிட்டு ஆய்வுக்கு வருகிற முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்தச் சலுகையும் சில நேரம் போதாது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாதவருக்கும் மாதம் 8,000 ரூபாய் என்று ஓர் உதவித்தொகை உண்டு. 2015இல் அதை நிறுத்தப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) முடிவெடுத்தபோது தில்லியில் மாணவர்கள் மானியக் குழு அலுவலகத்தின் முன்பே உட்கார்ந்து போராடினார்கள். அந்த 8,000 மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு வரவே இல்லை. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையும் 2022இல் நிறுத்தப்பட்டது.

முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்தை நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வு வைத்து 120 பேரைத் தேர்ந்தெடுப்பது என்று தொடங்கிய திட்டம் அது. பாதி இடங்கள் கலைப்புலத்துக்கும் பாதி அறிவியலுக்கும் என்று பிரித்ததில் ஒரு நியாயம் இருந்தது. ஏனென்றால் அறிவியல் துறைகளில் பேராசிரியர் கொண்டுவரும் திட்ட நிதியிலிருந்து ஆய்வாளருக்குச் சம்பளம் கிடைக்க ஒரு வழி உண்டு. யாப்பு குறித்தோ கதைப்பாடல் குறித்தோ ஆய்வு செய்பவருக்கு அப்படி ஒரு திட்ட நிதி அபூர்வம். ஆனால் இத்தனை பல்கலைக்கழகங்களும் அரசுக் கல்லூரிகளும் இருக்கும் மாநிலத்துக்கு அந்த எண்ணிக்கை எம்மாத்திரம்?

இனி வகுப்பு விஷயம். எங்கள் துறையில் நாங்கள் அக்கா என்று கூப்பிடும் ஓர் ஆய்வாளர் இருக்கிறார். போன பருவத்தில் உறுப்புக் கல்லூரியில் ஆள் இல்லையென்று, மொழிப்பாடமான பகுதி ஒன்று தமிழுக்கு அவரை அனுப்பினார்கள். பி.காம்., பி.எஸ்சி. பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்த பெரிய வகுப்பு, மைக் கிடையாது. போக வரப் பஸ் காசு அவருடையது. உள்மதிப்பீட்டுத் தேர்வுத் தாள்களைக் கட்டாகக் கட்டி விடுதிக்குக் கொண்டுவந்து, கட்டிலில் பரப்பிவைத்துத் திருத்துவார். மதிப்பெண் பட்டியலைப் பென்சிலில் எழுதிக் கொடுப்பார். அதன் மேல் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் வேறொருவர், நேர அட்டவணையில் அந்தப் பாடத்துக்கு நேராக இருப்பது அவர் பெயர். பருவம் முடிந்தபின் அங்கே பாடம் நடத்தினேன் என்று காட்ட அக்காவிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

அவருடைய ஆய்வு பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான கதைப்பாடல் சிறுநூல்கள் பற்றியது. அவற்றைப் பார்க்கத் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கு வர வேண்டும், அச்சகப் பதிவுகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நாள்கணக்கில் உட்கார வேண்டும். தென்மாவட்டத்திலிருந்து வந்து சென்னையில் ஒரு வாரம் தங்குவதற்கு என்ன செலவாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இரவில் பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுத்து அந்தப் பணத்தைச் சேர்க்கிறார். சேர்ந்தபோது புறப்படுவார். கலைப்புல ஆய்வுகள் ஏன் இழுத்துக்கொண்டே போகின்றன என்று கூட்டங்களில் கேட்கிறீர்கள். இப்படித்தான் இழுக்கின்றன.

இதையெல்லாம் பயிற்சி என்கிறார்கள். எங்களுக்குப் பாடம் நடத்தப் பிடிக்கும், இந்தத் துறைக்கு வந்ததே அதற்காகத்தான். ஆனால் பயிற்சி என்றால் மூத்த ஆசிரியர் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும், இந்த இடத்தில் வேகமாகப் போய்விட்டாய், அந்தச் சூத்திரத்துக்கு இன்னோர் எடுத்துக்காட்டு சொல்லியிருக்கலாம் என்று திருத்த வேண்டும். நான் நடத்திய எந்த வகுப்புக்கும் யாரும் அப்படி வந்ததில்லை. 2022 நவம்பரில் வந்த மானியக் குழுவின் முனைவர் பட்ட விதிகள் கற்பித்தல் பயிற்சியைக் கட்டாயமாக்கின, உண்மைதான். அதே விதிகள்தான் ஆய்வாளருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் வரை கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி தரலாம் என்றும் சொல்கின்றன. ஆசிரியருக்கு உதவியாக இருப்பதைத்தான் அது குறிக்கிறது. ஒரு பாடத்தை முழுக்கத் தலையில் கட்டிவிடுவது அதில் எங்கே வருகிறது?

இன்னொன்று எங்களை அதிகமாக உறுத்துகிறது. ஆசிரியர் நியமனத்துக்கான மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, முனைவர் பட்டம் பெற எடுத்துக்கொண்ட காலத்தைக் கற்பித்தல் அனுபவமாகக் காட்ட முடியாது. வேலையில் இருந்துகொண்டே ஆய்வு செய்தவருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. ஆக, எங்கள் உழைப்புக்கு இன்றும் பணம் இல்லை, நாளை நேர்காணலிலும் அது கணக்கில் வராது.

இதில் நட்டம் எங்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு துறையில் நான்கு பேராசிரியர் இடம் காலியாக இருக்கிறது என்று வையுங்கள். ஆய்வாளர்கள் சம்பளமில்லாமல் அந்த வகுப்புகளை நடத்திவிட்டால் வகுப்பு நின்றது என்று மாணவர் யாரும் மனுக் கொடுக்கமாட்டார். நேர அட்டவணை நிரம்பியே இருக்கும், கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்கு அவசரம் எதுவும் தெரியாது. நியமனம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும். அந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டிய கௌரவ விரிவுரையாளருக்கும் வேலை போகும், அவர் பெரும்பாலும் எங்களுக்கு நான்கு வருடம் முன்னால் இதே துறையில் பட்டம் வாங்கிய அண்ணனோ அக்காவோதான். எங்கள் இலவச வகுப்புகள் அவர்கள் வயிற்றில் அடிப்பதை அறிந்தேதான் வகுப்புக்குப் போகிறோம். நெறியாளரிடம் மாட்டேன் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? ஆய்வேட்டில் அவர் கையெழுத்து வேண்டுமே.

கிண்டியில் ஐ.ஐ.டி.யின் கலைப்புலத் துறையில் ஆய்வு செய்பவருக்கு மாத உதவித்தொகை உண்டு. கற்பித்தலில் உதவுவது அதோடு சேர்ந்த கடமை. அங்கே செய்ய முடிவதை இங்கே ஏன் செய்ய முடியாது? பணம் இல்லை என்றால், தமிழுக்காக இந்த மாநிலம் கையை விரித்ததில்லை என்பதைத்தான் பதிலாகச் சொல்வேன். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 10 கோடி ரூபாய் கொடுத்தது. சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் அறிவித்தது. இரண்டும் எனக்குப் பெருமை. அந்த எழுத்தைப் படிக்கப்போகிறவர் இன்று ஏதோ ஒரு துறையில் முதலாண்டு ஆய்வாளராக இருக்கக்கூடும். விடுதிக் கட்டண பாக்கிக்காக அவர் ஆய்வை விட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. வழிமுறையும் புதிதல்ல. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகிற பெண்களுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாயை நேராக வங்கிக் கணக்கில் போட்டுவருகிறீர்கள். அதே வழியில் இதையும் அனுப்பலாம்.

வேறு உதவித்தொகை எதுவும் பெறாத முழுநேர ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் மூன்றாண்டுகளுக்கு அடிப்படை உதவித்தொகை வேண்டும். தொகை எவ்வளவு என்று பேச நாங்கள் தயார். அதுவும் தேதி தவறாமல் வர வேண்டும். ஜே.ஆர்.எஃப். பெறுபவர்களே, பல்கலைக்கழக அலுவலகத்தில் இருவர் செய்ய வேண்டிய மாதாந்திர உறுதிப்படுத்தலை ஒருவர் செய்து இன்னொருவர் செய்ய மறந்ததால் மாதக்கணக்கில் பணம் வராமல் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். வகுப்பு வாரம் 6 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஆய்வேடு எழுதும் கடைசி வருடத்தில் வகுப்பே கூடாது. ஒரு பாடத்தை முழுதாக நடத்தச் சொன்னால் ஆணை கொடுங்கள். கௌரவ ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் என்று 2019இல் மானியக் குழு வகுத்த அளவில் ஊதியம் கொடுங்கள். நேர அட்டவணையில் நடத்துகிறவர் பெயரையே போடுங்கள். மாநில அரசின் பணி நியமனங்களில் அந்த ஆணையை அனுபவமாக ஏற்க வழி உண்டா என்று சட்ட வல்லுநர்களைக் கேளுங்கள்.

ஜூனில் புதிய கல்வியாண்டுக்கான நேர அட்டவணை தயாராகும். எந்தெந்தப் பாடத்தை ஆய்வாளர்கள் நடத்துகிறார்கள் என்று அதற்கு முன் ஒவ்வொரு துறையிடமும் எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தப் பட்டியலை அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் வையுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
முழுநேர ஆய்வாளர் ஒருவர்,
தமிழ்த் துறை