ஈசாப் பாக்கெட்டில் இருக்கும் சொல்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குப் பெயர் வைத்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பட்டறையைப் பையன் பார்த்துக்கொள்கிறான், நான் நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்கிறேன்.

வெல்டிங் ராடு பாக்கெட்டில் இருக்கும் 'ஈசாப்' என்ன பெயர் என்று கேட்டிருந்தாய். மின்சாரப் பற்றவைப்புக் கம்பெனி என்பதற்கான சுவீடிஷ் பெயரின் சுருக்கம் அது. 1904இல் சுவீடனின் கோதன்பர்க் நகரில் ஆஸ்கர் ஷெல்பெரி தொடங்கியது. நடுவில் வரும் 'ச'வுக்குப் பின்னால்தான் விஷயமே இருக்கிறது: ஸ்வெட்சா, அதாவது பற்றவைப்பது.

இந்தச் சொல் ஜெர்மனியிலிருந்து போனது. அங்கே ஷ்வைசன் என்பார்கள். ஷ்வைஸ் என்றால் வியர்வை. அந்தக் காலத்தில் மின்பொறியால் உருக்குகிற ஆர்க் வெல்டிங் ஏது? உலையில் இரண்டு இரும்பையும் வெள்ளையாகக் காய்ச்சி, மணல் தூவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து அடிக்க வேண்டும். மணலும் துருவும் சேர்ந்து உருகி, அடி விழ விழ ஓரத்தில் கசிந்து தெறிக்கும். அதைக் கண்ணால் பார்த்தவன் இரும்புக்கு வியர்க்கிறது என்று சொல்லாமல் வேறென்ன சொல்வான்?

சுவீடன்காரர்களுக்குச் சொந்தச் சொல்லும் உண்டு, வெல்லா. ஊற்று பொங்குவதற்கும் அதே சொல்தான். உலையில் காய்ச்சி ஒட்டுவதைக் கொல்லர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். நாம் தினமும் சொல்கிற ஆங்கில 'வெல்டு'கூட இதற்குப் பங்காளி. கொதிப்பது, பொங்குவது என்பதுதான் அதற்கும் பழைய பொருள். எனக்கென்னவோ வெல்லாதான் அழகான சொல். ஆனால் மின்சாரம் வந்ததும் ஸ்வெட்சா ஜெயித்துவிட்டது.

ஷெல்பெரி கப்பல் பாய்லர்களைப் பழுது பார்த்தவர். வெறும் கம்பியில் வைத்த வெல்டு காற்றைக் குடித்து நொறுங்கிப் போனது. அதனால் கம்பியைக் கனிமப் பொடிக் குழம்பில் முக்கிக் காயவைத்தார். பூச்சு எரிந்து புகையாகவும் கசடாகவும் உருகிய இரும்பை மூடிக் காத்தது. நாம் சிப்பிங் சுத்தியால் தட்டி, சலித்துக்கொண்டே உதிர்த்த கசடு அதுதான்!

தை பிறந்ததும் வருகிறேன் என்றாயே, ரயிலா பஸ்ஸா? முன்னாலேயே போன் பண்ணு, பையனை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
ராமு