செயலாளர் ஆண்டறிக்கை – 2020

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் லான் பௌல்ஸ் ஆட்டத்தைப் பற்றி, அதாவது புல்தரையில் பௌல் என்னும் கனமான பந்தை உருட்டிச் சிறு இலக்குப் பந்துக்கு அருகில் நிறுத்தும் ஆட்டத்தைப் பற்றி, எழுத அதிகம் இல்லை. கொரோனா ஊரடங்கால் வசந்த காலத்தில் நம் புல்தரை பூட்டியே கிடந்தது. திறந்த பிறகும் தள்ளித் தள்ளி நின்றுதான் ஆடினோம், தேநீரும் கிடையாது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஆகஸ்ட் 27 அன்று இங்கிலாந்தின் பௌல்ஸ் வீரர் டேவிட் பிரையன்ட் தம் 88ஆம் வயதில் காலமானார். லான் பௌல்ஸ் ஆடும் எந்தச் சங்கமும் அவரைக் குறிப்பிடாமல் இந்த ஆண்டின் அறிக்கையை முடிக்க முடியாது.

சோமர்செட்டின் கடலோர ஊரான கிளீவ்டனில் 1931இல் பிறந்தவர். தாத்தாவும் அப்பாவும் ஆடிய ஆட்டம் அது. பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே ஆடினார். 1966இல் ஆஸ்திரேலியாவில் நடந்த முதல் திறந்தவெளி உலகப் போட்டியில் ஒற்றையர் பட்டம் அவருக்குத்தான். 1979இல் உள்ளரங்க உலகப் போட்டி தொடங்கியபோதும் முதல் பட்டம் அவருக்கே. அடுத்த இரண்டு ஆண்டுகளும் அதை அவர் விடவில்லை. காமன்வெல்த் போட்டிகளில் 1962, 1970, 1974, 1978 என நான்கு ஒற்றையர் தங்கம். இடையில் 1966 விட்டுப்போனதற்கு அவர் காரணமல்ல, அந்த ஆண்டு ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நடந்த போட்டியில் பௌல்ஸே சேர்க்கப்படவில்லை. பிற்காலத்தில் தம்மைவிட இருபது வயதுக்கு மேல் இளையவரான டோனி ஆல்காக்குடன் சேர்ந்து உள்ளரங்க இரட்டையர் உலகப் பட்டத்தை ஆறு முறை வென்றார்.

பிரையன்ட் என்றாலே எல்லோரும் வாயில் கவ்விய அந்தப் பைப்பைத்தான் சொல்வார்கள். பாதி நேரம் அதில் நெருப்பே இருக்காது! நாம் கவனிக்க வேண்டியது அவர் குந்தி உட்கார்ந்த விதத்தை. பௌலைக் கையில் வைத்துக்கொண்டு முழுதாகக் குந்துவார், போகவேண்டிய கோட்டைப் பார்ப்பார், பிறகு எழுந்து உருட்டுவார். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து தொடங்கினால், பௌலின் சாய்வு (ஒரு பக்கமாக வளைந்து ஓடும்படி அமைந்த அதன் வடிவம்) எவ்வளவு வளைக்கும் என்ற ஒரு கணக்கு மட்டுமே மிச்சம். முழங்கால் ஒத்துழைத்தால் நம்மவர்களும் முயன்று பார்க்கலாம்.

1988இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மூன்றாவது முறையாகத் திறந்தவெளி உலக ஒற்றையர் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 56. இதைச் சொன்னதும், "பார்த்தீர்களா, இது கிழவர்கள் ஆட்டம்தான்" என்பார்கள். முதல் காமன்வெல்த் தங்கத்தை வாங்கியபோது அவருக்கு முப்பத்தொரு வயதுதான்.

சரி, இது இளையோருக்கும் உரிய ஆட்டம் என்பதால்தான் இளையோர் சந்தாவைப் பாதியாகக் குறைக்கும் தீர்மானத்தை நிர்வாகக் குழு இன்று முன்வைக்கிறது. உறுப்பினர்கள் விவாதித்து முடிவெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்