கறுத்த கணு, வெளுத்த கணு

அன்புள்ள பாலு,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். உன் முழங்கால் வலிக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும் மணிக்கணக்கைக் குறைத்துக்கொள் என்பதைத் தவிர.

விஷயத்துக்கு வருகிறேன். நெதர்லாந்துக்குப் போய் இரும்பு நானோத்துகள் ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் உன் புராஸ்டேட் நோயாளி. இடுப்பு நிணநீர்க் கணுக்கள் எல்லாம் கறுத்திருக்கின்றன என்று ரிப்போர்ட் சொல்கிறது, அப்படியானால் கணு அகற்றுவதை விட்டுவிடலாமா என்கிறாய். ஒழுங்காக எடுத்த படத்தில் கறுப்பைப் பெரும்பாலும் நம்பலாம். அந்த ‘ஒழுங்காக’வில்தான் வில்லங்கம் முழுக்க இருக்கிறது.

மருந்து ஃபெரூமாக்ஸ்ட்ரான்-10. நடுவில் சில நானோமீட்டர் அகல இரும்பு ஆக்சைடு, மேலே டெக்ஸ்ட்ரான் உறை, இரண்டும் சேர்ந்து சுமார் 30 நானோமீட்டர். இந்த அளவுதான் சூட்சுமம். கல்லீரல் படத்துக்காக முன்பு வந்த ஃபெரூமாக்சைடு இதைவிடப் பல மடங்கு பெரியது. ரத்தக்குழாயில் ஏறிய சில நிமிடங்களில் கல்லீரலின் குப்ஃபர் செல்கள் அதை அள்ளிவிடும். சின்னத் துகள் அவ்வளவு சீக்கிரம் சிக்காது. ஒரு நாள் போல ரத்தத்தில் சுற்றி, நுண்குழாய்களிலிருந்து திசு இடைவெளிக்குக் கசிந்து, நிணநீரோடு கணுவுக்குப் போய்ச் சேரும். அங்குள்ள மேக்ரோஃபேஜ்கள், அதாவது வேற்றுப்பொருளை விழுங்கும் காவல் செல்கள், அதை விழுங்கும். இரும்பு குவிந்த இடத்தில் டி2 ஸ்டார் நேரம் (எம்.ஆர்.ஐ. சிக்னல் தணிய எடுக்கும் நேரம்) சுருங்கிச் சிக்னல் செத்துப்போகும். புற்று குடியேறிய பகுதியில் மேக்ரோஃபேஜ் இல்லாததால் அது வெளுப்பாகவே நிற்கும். ஆக, படத்தில் தெரிவது மேக்ரோஃபேஜ் இல்லாத இடம், அவ்வளவுதான். வெளுத்ததெல்லாம் புற்று என்று எழுதுகிறவர்கள் இதை மறந்தவர்கள்.

அளவு, கிலோவுக்கு 2.6 மி.கி. இரும்பு. 70 கிலோ ஆளுக்கு 182 மி.கி.; ஒரு பை ரத்தம் ஏற்றும்போது உடம்புக்குள் போகும் இரும்பைவிடக் குறைவுதான். பொடியாக வரும் மருந்தைச் சலைனில் கரைத்து, பிறகு 100 மி.லி. சலைனில் கலந்து, ஃபில்டர் வைத்த டிரிப்பில் அரை மணிக்குக் குறையாமல் இறக்க வேண்டும். முதல் சில நிமிடம் இன்னும் மெதுவாக. கீழ்முதுகு வலியோ முகச் சிவப்போ வந்தால் உடனே நிறுத்தி, அடங்கியபின் வேகம் குறைத்துத் தொடர்வார்கள். கலக்காமல் ஊசியில் நேராகத் தள்ளி மரணம் நேர்ந்த கதை பழைய ஆய்வுகளில் இருக்கிறது. அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இந்த டிரிப்பைப் போடக்கூடாது. ஹீமோகுரோமட்டோசிஸ், அதாவது உடம்பில் இரும்பு அளவுமீறிச் சேரும் நோய், உள்ளவருக்கு மருந்தே கூடாது.

படம் அன்றைக்கு இல்லை, 24 முதல் 36 மணி நேரம் கழித்து. நோயாளி வெளியூர்க்காரர், அன்றே முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டால், இரும்பு ரத்தத்திலேயே இருக்கும், கணுவுக்குப் போதுமானது சேர்ந்திருக்காது. நல்ல கணுவும் வெளுப்பாகத் தெரியும். நீ ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது, டிரிப் முடிந்த நேரமும் ஸ்கேன் தொடங்கிய நேரமும்.

அடுத்தது சீக்வென்ஸ், அதாவது படம் எடுக்கும் முறை. 3 டெஸ்லா காந்தத்தில் இரண்டு முப்பரிமாணப் படங்கள் வேண்டும், இரண்டும் 1 மி.மீ.க்குக் குறைந்த வாக்சலில் (முப்பரிமாணப் படப்புள்ளி). ஒன்று டி1, கணு எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு. மற்றது கொழுப்பை அடக்கிய டி2 ஸ்டார் கிரேடியன்ட் எக்கோ, எக்கோ நேரம் (சிக்னலைப் பிடிக்கும்வரை காத்திருக்கும் நேரம்) 12 மில்லிசெகண்ட் அளவில். இந்த இரண்டாவது படத்தில் கொழுப்பும் கறுப்பு, நல்ல கணுவும் கறுப்பு. நல்ல கணு கண்ணுக்கே தெரியாது. டி1-இல் கணுவைக் கண்டுபிடித்து, அதே புள்ளியில் மற்ற படத்தைப் பார்த்து, அங்கே கறுப்பா வெளுப்பா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். சலிப்பான வேலை, குறுக்கு வழி கிடையாது. குடல் அசைந்தால் 4 மி.மீ. கணு மங்கலாகிவிடும்; அதனால் ஸ்கேனுக்கு முன் அசைவை அடக்கும் பஸ்கோபான் ஊசி போடுவார்கள்.

தவறுகள் எங்கே வரும் என்பதுதான் உனக்கு முக்கியம். வெளுப்பில் ஏமாற்றுபவை பல. சேக்ரத்துக்கு (முதுகெலும்பின் அடிப்பகுதி எலும்பு) முன்னால் உள்ள நரம்பு முடிச்சுகள் வெளுப்பாகத் தெரியும், வடிவமும் கணு மாதிரியே இருக்கும்; மேலும் கீழும் நரம்பைத் தொடர்ந்து பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். தொடை இடுக்குக் கணுக்கள் நோயில்லாமலே அரைகுறையாகத்தான் இரும்பு ஏற்கும். அவற்றில் உள்ள வெளுப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கொழுப்பை அடக்காமல் எடுத்த படத்தில் கணுவின் நடுக் கொழுப்பு புற்றாகத் தோன்றும். அழற்சியால் வீங்கிய கணுவும் திட்டுத்திட்டாக வெளுத்திருக்கும்.

கறுப்பில் ஏமாற்றுபவை குறைவு, ஆனால் ஆபத்து அங்கேதான். மலக்குடலில் வாயு இருந்தால் காந்தப்புலம் கோணலாகி, பக்கத்தில் உள்ளதெல்லாம் கறுத்துவிடும். இடுப்பு மாற்று உலோகம் இருந்தாலும் அப்படியே. அதைவிட மோசம், இரும்பின் கறுப்பு தன் எல்லை தாண்டிப் பரவுவது. ஓரத்தில் உட்கார்ந்த 1, 2 மி.மீ. புற்றுத் திட்டை அது மூடிவிடும். எக்கோ நேரத்தை நீட்டினால் இந்தப் பரவல் கூடும், குறைத்தால் நல்ல கணு சரியாகக் கறுக்காது.

எண்கள் கேட்டிருந்தாய். 2003-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஹரிசிங்கானியும் பாரென்ட்ஸும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில் 80 நோயாளிகள், 334 கணுக்கள். நோயுற்ற 63 கணுக்களில் 45, வழக்கமான அளவுகோலின்படி பார்த்தால் சாதாரணமானவை. கணுக் கணக்கில் சென்சிட்டிவிட்டி (நோயுள்ளதைக் கண்டுபிடிக்கும் திறன்), சாதா எம்.ஆர்.ஐ.க்கு 35.4 சதம், நானோத்துகளோடு 90.5 சதம். 2008-இல் 375 பேரை வைத்து வந்த டச்சு ஆய்வில், நோயாளிக் கணக்கில், அது 82 சதம், சி.டி. ஸ்கேனுக்கு அங்கே 34 சதம். இரண்டாவதைத்தான் நான் நடைமுறைக்கு நெருக்கமாக நினைக்கிறேன். அதில் ‘நோய் இல்லை’ என்று சொன்னால் சரியாக இருக்கும் வாய்ப்பு 96 சதம். ஆனால் கணுவில் பரவியிருக்கும் வாய்ப்பே கூடுதலான நோயாளியிடம் இந்த 96 அப்படியே நிற்காது. உன் ஆளுக்கு கிளீசன் (புற்றின் வீரியத்தைக் காட்டும் மதிப்பெண், 10 வரை) 9 என்று எழுதியிருக்கிறாய்; இந்தப் படத்தை மட்டும் நம்பி நான் கணுக்களை விடமாட்டேன்.

இவ்வளவு நல்ல மருந்து ஏன் எங்கும் கிடைப்பதில்லை என்பாய். 2005-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு, எல்லாப் புற்றுக்குமான பரந்த அனுமதிக்கு ஆதரவு தரவில்லை. 2007-இல் ஐரோப்பிய விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. பிறகு நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் அதை மறுபடி உயிர்ப்பித்து, புராஸ்டேட் என்ற ஒரே கேள்விக்குச் சுருக்கி, ஐரோப்பாவில் மூன்றாம் கட்ட ஆய்வுக்குக் கொண்டுபோனார்கள். முதலிலேயே அப்படிச் சுருக்கியிருக்கலாம்.

சிலர் ஃபெரூமாக்சிடாலை மாற்றாகச் சொல்வார்கள். ரத்தசோகைக்கு 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து, 510 மி.கி. வயல். உறை வேறு, கணுவுக்குப் போவது குறைவு; அதனால் கிலோவுக்கு 7.5 மி.கி. வரை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வாமை பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கை 2015 முதல் அதன் மேல் உண்டு. அதை ஏற்றிய ஆளுக்கு மூன்று மாதம் வரை மற்ற எம்.ஆர்.ஐ. படங்களும் மாறித் தெரியலாம். உன் நோயாளி சமீபத்தில் எந்த இரும்பு ஊசியாவது போட்டுக்கொண்டாரா என்று கேட்டுக்கொள்.

பி.எஸ்.எம்.ஏ. பெட் (புராஸ்டேட் புற்றுச் செல்லைத் தேடும் ஸ்கேன்) எடுத்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். அது புற்றுச் செல்லைப் பிடிக்கிறது, இது புற்று இல்லாத திசுவைப் பிடிக்கிறது; அதனால் இரண்டும் ஒரே இடத்தில் தவறுவது குறைவு. இரண்டும் காட்டும் கணு, உன் வழக்கமான அறுவை எல்லைக்கு வெளியே மலக்குடல் ஓரத்திலோ சேக்ரத்துக்கு முன்னாலோ இருக்கலாம். எல்லைக்குள் மட்டும் எடுத்துவிட்டு ‘கணு சுத்தம்’ என்று எழுதினால் படத்தின் மேல் பழி விழும்.

எடுப்பதாக முடிவு செய்தால் கணுக்களை ஒரே டப்பாவில் போடாதே. வலம் இடம், வெளி இலியாக், அப்டுரேட்டர், உள் இலியாக் என்று தனித்தனியாக லேபிள் ஒட்டி அனுப்பு. பதாலஜியில் கணுவை 2 மி.மீ. இடைவெளியில் முழுவதும் வெட்டிப் பார்க்கச் சொல். நடுவில் ஒரே வெட்டு போதாது.

படங்களின் குறுந்தகட்டை அனுப்பும்போது ஃபோனில் எடுத்த போட்டோ வேண்டாம். டி1, டி2 ஸ்டார் இரண்டும் முழுதாக, டைகாம் (ஸ்கேன் படத்தின் மூல வடிவம்) கோப்பாகவே அனுப்பு. மலக்குடல் வாயு எங்கே இருந்தது என்று முதலில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
செல்வம்